இடைக்கால இத்தாலியப் பிரபு ஒருவரின் மண உறவுகளைத் தேடிப் பின்தொடர்வது எப்படி? மிலானின் பெர்னபோ விஸ்கோந்தியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இடைக்கால இத்தாலியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் பலர் போர்களில் சிக்கிக்கொள்கிறார்கள். யார் எந்த நகரைப் பிடித்தார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற கணக்கு சில பக்கங்களிலேயே கைநழுவிப் போகிறது. நேற்றுவரை நண்பனாக இருந்தவன் இன்று ஏன் படையெடுத்து வருகிறான் என்று விளங்காது. பல நேரங்களில் அதற்கான விடை ஒரு கல்யாணத்தில் இருக்கிறது. அதிலும் ஒரு மகளின் கல்யாணத்தில். ஆனால் அச்சில் வரும் வம்சாவளிப் படங்களோ ஆண்பிள்ளைகளை வரிசையாக இறக்கிவிட்டுப் பெண்களை ஓரத்தில் நிறுத்திவிடுகின்றன. அவர்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள், என்ன கொண்டுபோனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் யார் என்பதெல்லாம் விடுபட்டுப்போகிறது. பெண்களின் வழியே வரையாத வம்சாவளி அரைகுறையானது என்பது என் உறுதியான எண்ணம். முழுமையாக வரைவது எப்படி என்பதை ஓர் உண்மையான மனிதரை வைத்துக் காட்டுகிறேன்.

அவர் 1323இல் பிறந்து 1385 வரை வாழ்ந்த பெர்னபோ விஸ்கோந்தி, மிலானின் ஆட்சியாளர்களில் ஒருவர். போப்பாட்சியோடு ஓயாமல் மோதியவர், கொடூரத்துக்குப் பேர்போனவர். ஐரோப்பாவின் அரச குடும்பங்கள் பலவற்றுக்கு மாமனாராகவும் பாட்டனாராகவும் ஆனவர். பயிற்சிக்கு இவரைவிட வளமான குடும்பம் கிடைப்பது அரிது.

முதல் படி: ஆளைச் சரியாக அடையாளம் காணுங்கள்

ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாக வைப்பது இத்தாலியப் பிரபு குடும்பங்களின் வழக்கம். விஸ்கோந்தி வீட்டில் வலென்தினா என்ற பெயரில் மட்டும் மூவர் நம் கதைக்குள் வருகிறார்கள்: பெர்னபோவின் தாய் வலென்தினா தோரியா, சைப்ரஸ் அரசியான பெர்னபோவின் மகள், பிரான்சின் ஓர்லியான் பிரபுவை மணந்த பெர்னபோவின் அண்ணன் வழிப் பேத்தி. எலிசபெத்தா என்று பெர்னபோவுக்கு இரண்டு மகள்கள். ஒருத்தி மனைவிக்குப் பிறந்தவள், இன்னொருத்தி திருமணத்துக்கு வெளியே பிறந்தவள்.

ஆகவே வெறும் பெயரை எழுதாதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தந்தை பெயர், தாய் பெயர், கணவன் அல்லது மனைவி பெயர் மூன்றையும் குறித்துவிடுங்கள். பத்திரங்களிலும் பெரும்பாலும் இன்னார் மகன் இன்னார் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பெயரிலேயே உறவுத் தடயமும் இருக்கும். பெர்னபோவின் மகள்களில் ஒருத்தி தத்தேயா. அது அவளுடைய தாய்வழிப் பாட்டி தத்தேயா தா கர்ராராவின் பெயர். கடைக்குட்டி மகன் மஸ்தீனோ. அது தாய்வழித் தாத்தாவின் பெயர். மனைவி வீட்டுப் பெயர்கள் இப்படி அடுத்தடுத்து வந்தால், அந்த வீட்டின் சொத்தின் மீதும் கணவனுக்கு ஒரு கண் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: பிறந்த வீட்டை வரையுங்கள்

தந்தை ஸ்தெபனோ 1327இலேயே இறந்துவிட்டார். தாய், ஜெனோவாவின் தோரியா குடும்பத்துப் பெண். மூன்று சகோதரர்கள்: மத்தேயோ, கலேயாட்ஸோ, பெர்னபோ. 1354இல் அவர்களுடைய சிற்றப்பாவும் மிலானின் பேராயரும் ஆட்சியாளருமான ஜொவான்னி இறந்ததும் ஆட்சி மூவருக்கும் பிரிந்தது. மறுவருடமே மத்தேயோ இறந்தார். அவருடைய பங்கை மற்ற இருவரும் பிரித்துக்கொண்டார்கள்.

இங்கே சகோதரர்களின் மனைவிகளையும் சேர்த்து எழுத வேண்டும். 1350இல், அதாவது பேராயர் உயிரோடிருந்தபோதே, கலேயாட்ஸோவுக்கு மேற்கே சவோய் பிரபு வீட்டிலிருந்து பியாங்காவையும், பெர்னபோவுக்குக் கிழக்கே வெரோனாவிலிருந்து ரெஜினாவையும் மணம் முடித்தார்கள். பின்னால் பாகப் பிரிவினை வந்தபோது கலேயாட்ஸோவுக்கு மேற்கு நகரங்களும் பெர்னபோவுக்குக் கிழக்கு நகரங்களும் கிடைத்தன. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வம்சாவளியைப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

மூன்றாம் படி: மனைவியின் வீட்டை உங்கள் வீடுபோல் அறிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியில்தான் அவசரப்படுகிறார்கள். மனைவியின் பெயரையும் திருமண ஆண்டையும் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

ரெஜினாவின் முழுப்பெயர் பியாத்ரீச்சே ரெஜினா தெல்லா ஸ்காலா. வெரோனாவின் ஆட்சியாளர் இரண்டாம் மஸ்தீனோவின் மகள். ஏணியைச் சின்னமாகக் கொண்ட குடும்பம் அது. 1375இல் வெரோனாவை ஆண்ட அவளுடைய சகோதரன் கான்சிஞ்ஞோரியோ இறந்தபோது, திருமணத்துக்கு வெளியே பிறந்த அவனுடைய இரண்டு மகன்கள் ஆட்சிக்கு வந்தார்கள். முறைப்படி பிறந்த வாரிசு நான் இருக்கும்போது அவர்கள் எப்படி ஆளலாம் என்று ரெஜினா உரிமை கோரினாள். மனைவியின் உரிமையைக் காட்டி 1378இல் பெர்னபோ வெரோனா மீது போர் தொடுத்தார். கடைசியில் நகரம் கிடைக்கவில்லை, பணம் வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார்கள். திருமணமாகி ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து அந்தத் திருமணம் ஒரு போரைக் கொண்டுவந்தது. திருமண ஆண்டோடு குறிப்பை நிறுத்தியிருந்தால் இந்தப் போர் எங்கிருந்து முளைத்தது என்றே தெரிந்திருக்காது.

ரெஜினா 1381இல் மிலானில் ஒரு தேவாலயம் எழுப்பினாள். அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரால் அது சாந்தா மரியா தெல்லா ஸ்காலா எனப்பட்டது. அந்தத் தேவாலயம் இருந்த இடத்தில்தான் 1778இல் புகழ்பெற்ற லா ஸ்காலா இசையரங்கம் திறக்கப்பட்டது. புகுந்த வீட்டு நகரத்தில் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நான்காம் படி: சீதனமும் தடைமுறையும்

இரண்டு விதிகள் தெரியாமல் இந்தக் குடும்பங்களைப் படிக்க முடியாது.

முதலாவது சீதனம். மகளுக்குச் சீதனம் கொடுத்து அனுப்பிவிட்டால், தந்தையின் சொத்தில் அவளுக்கு மேற்கொண்டு பங்கில்லை என்பது பல இத்தாலிய நகரங்களின் சட்டம். எனவே சீதனத் தொகையைக் கண்டுபிடியுங்கள். பணமாக மட்டும் கொடுத்தார்களா, நகரமும் நிலமும் சேர்ந்ததா என்று பாருங்கள். பெர்னபோவின் அண்ணன் கலேயாட்ஸோ தன் மகள் வியொலாந்தேயை 1368இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலுக்குக் கட்டிக்கொடுத்தபோது 2 லட்சம் ஃபுளோரின் தங்கக் காசுகளோடு பீட்மான்டில் ஆல்பா முதலான ஊர்களையும் சேர்த்தே கொடுத்தார். நிலமாகக் கொடுத்த சீதனம் ஆபத்தானது. காசு செலவாகி மறைந்துவிடும், ஊரின் மீதான உரிமை பேரன் பேத்திகள் காலத்தில் எழுந்து நிற்கும். அதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

இரண்டாவது, திருச்சபையின் உறவுத் தடை. 1215இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவையான நான்காம் லாத்தரன் சங்கம் ஏழு தலைமுறையாக இருந்த தடையை நான்காகக் குறைத்தது. எண்ணும் முறை எளிது. இருவருக்கும் பொதுவான மூதாதையைக் கண்டுபிடித்து, அவரிலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு பக்கமும் எத்தனை தலைமுறை என்று எண்ணுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் நீளமான பக்கத்தின் எண்ணிக்கையே கணக்கு. நான்கு அல்லது அதற்குள் வந்தால் திருமணம் கூடாது. மாமன் மகள், அத்தை மகன் என்ற வேறுபாடெல்லாம் அங்கே கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே தடைதான். மனைவியின் இரத்த உறவினரும், ஞானஸ்நானத்தில் கைப்பிடித்த ஞானப்பெற்றோரின் உறவும்கூடத் தடைக்குள் வந்தன.

ஆட்சிக் குடும்பங்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதால் போப்பிடம் விதிவிலக்கு வாங்குவது அன்றாடக் காரியமாயிற்று. நமக்கு இது நல்வாய்ப்பு. விதிவிலக்கு ஆணையில் இருவரும் எந்த முறையில், எத்தனையாம் தலைமுறையில் சொந்தம் என்று எழுதியிருக்கும். 1378க்குப் பிறகான ஆணை என்றால் ரோமிலிருந்த போப் கொடுத்ததா, அவிஞ்ஞோனிலிருந்தவர் கொடுத்ததா என்றும் குறியுங்கள். திருச்சபை அப்போது இரண்டாகப் பிளந்திருந்தது. யாரிடம் போனார்கள் என்பதே அவர்களுடைய அரசியல் சார்பைச் சொல்லும்.

ஐந்தாம் படி: மகள்களை ஒவ்வொருவராகப் பின்தொடருங்கள்

பெர்னபோவுக்கும் ரெஜினாவுக்கும் பிறந்தவர்கள் பதினைந்து பேர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மிலான். ஒவ்வொரு மகளுக்கும் அவள் போன ஊரை நோக்கி ஒரு கோடு.

வடக்கு நோக்கித்தான் கோடுகள் அதிகம். வெர்தே 1365இல் ஆஸ்திரியாவின் மூன்றாம் லியோபோல்டை மணந்தாள். தத்தேயா பவேரியாவின் மூன்றாம் ஸ்டீபனை மணந்தாள்; அதே பவேரிய வீட்டிலிருந்து எலிசபெத் என்ற பெண் பெர்னபோவின் மூத்த மகன் மார்க்கோவுக்கு மனைவியாக வந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். மத்தலேனா 1382இல் பவேரிய வீட்டின் லாண்ட்ஸ்ஹூட் கிளைக்குப் போனாள். எலிசபெத்தா தந்தை இறந்த பிறகு மியூனிக் கிளைக்குப் போனாள். அந்தோனியா 1380இல் வுர்ட்டம்பெர்க் வீட்டின் எபர்ஹார்டை மணந்தாள்.

ஏன் வடக்கு? 1363இல் போப் ஐந்தாம் உர்பான் பெர்னபோவைத் திருச்சபையிலிருந்து நீக்கி, அவருக்கு எதிராகச் சிலுவைப் போரும் அறிவித்தார். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில்தான் ஆஸ்திரிய, பவேரியச் சம்பந்தங்கள் நடக்கின்றன. ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களுக்கு அப்பால் இருந்தவர்கள் மருமகன்களாகிவிட்டால் முதுகுப்பக்கம் பயமில்லை. அந்தப் பிரபுக்களிடம் பழம்பெருமை வாய்ந்த பட்டம் இருந்தது, பணம் குறைவு. விஸ்கோந்திகளிடம் பணம் குவிந்திருந்தது, அரச இரத்தம் கிடையாது. இருவருக்கும் பொருந்திவந்த வியாபாரம்.

தெற்கே கடலைத் தாண்டியும் ஒரு கோடு போகிறது. வலென்தினா 1378இல் சைப்ரஸ் அரசர் இரண்டாம் பீட்டரை மணக்கப் புறப்பட்டாள். ஜெனோவா 1373இல் சைப்ரஸின் ஃபமகுஸ்தா துறைமுகத்தைப் பறித்திருந்தது. அதே ஜெனோவாவோடு வெனிஸ் போரில் இறங்கியிருந்தது. மிலானுக்கும் ஜெனோவாவோடு பகை. மூவருக்கும் ஒரே எதிரி என்பது அந்தக் கல்யாணத்தின் அடிப்படை.

பக்கத்து வீட்டுக்குப் போன மகளின் கதை மனத்தைக் கனக்கச் செய்யும். அன்யேஸே, மான்துவாவின் பிரான்செஸ்கோ கொன்சாகாவை மணந்தவள். தந்தை வீழ்ந்தபின் அவளுக்குப் பின்புலம் இல்லாமல் போயிற்று. கணவன் அவள்மீது கள்ளத்தொடர்புக் குற்றம் சாட்டி 1391இல் தலையை வெட்டச் செய்தான். பெர்னபோ ஆட்சியில் இருந்திருந்தால் அந்தக் குற்றச்சாட்டு எழுந்திருக்குமா என்ற கேள்வியை வம்சாவளிப் படத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிறந்த வீட்டின் பலம்தான் புகுந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது அங்கே வெளிப்படையான நடைமுறை.

லுச்சியாவையும் விட்டுவிடாதீர்கள். தந்தை இருந்தபோது அவளுக்குப் பேசி முடித்தது அஞ்சு பிரபு இரண்டாம் லூயியை. தந்தை வீழ்ந்ததும் அது முறிந்தது. பிறகு துரிஞ்சியாவின் பிரபு மகனோடு நடந்த திருமணம், தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று அவள் சொன்னதால் செல்லாததாயிற்று. 1407இல் லண்டனில் கென்ட் பிரபு எட்மண்ட் ஹாலண்டை மணந்தாள். மறுவருடமே அவன் போரில் இறந்தான். முறிந்த நிச்சயதார்த்தங்களும் உறவு வரலாற்றின் பகுதியே. அவற்றைப் புள்ளிக்கோடாக வரையுங்கள்.

ஆறாம் படி: மணத்துக்கு வெளியே பிறந்தவர்கள்

பெர்னபோவுக்கு இப்படிப் பிறந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களை மறைக்கவில்லை, பயன்படுத்தினார். மனைவிக்குப் பிறந்த மகள்கள் பட்டம் உள்ளவர்களுக்கு. மற்ற மகள்கள் படை உள்ளவர்களுக்கு. 1377இல் தொன்னினா என்ற மகளை ஆங்கிலேயக் கூலிப்படைத் தலைவர் ஜான் ஹாக்வுட்டுக்கும், இன்னொரு எலிசபெத்தாவை ஜெர்மானியக் கூலிப்படைத் தலைவர் லூட்ஸ் ஃபான் லாண்டாவுக்கும் கட்டிக்கொடுத்தார். இரு மருமகன்களும் வெரோனாப் போரில் அவருக்காகப் போரிட்டார்கள். ஆனால் அந்தப் போரிலேயே மாமனாருக்கும் அவர்களுக்கும் முறிந்தது. கூலிப்படைக்காரனைக் கல்யாணத்தால் கட்டிப்போட முடியவில்லை.

எஸ்தோரே என்ற மகனின் பெயரையும் குறித்து வையுங்கள், மீண்டும் வருவார்.

ஏழாம் படி: தேதிகளில் ஏமாறாதீர்கள்

ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு தேதிகள் இருக்கலாம்: ஒப்பந்தம், பதிலாள் வைத்து நடந்த சடங்கு, மணமகள் புறப்பட்ட நாள், நேரில் நடந்த திருமணம். தத்தேயாவின் திருமணத்துக்கு 1364 என்றும் 1367 என்றும் இரண்டு ஆண்டுகள் புழங்குகின்றன. ஓர்லியான் வீட்டுக்குப் போன வலென்தினாவுக்கு 1387இல் ஒப்பந்தமும் பதிலாள் திருமணமும் நடந்தன. 1389இல்தான் அவள் பிரான்சுக்குப் போனாள். இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் மணமக்களின் வயது அல்லது சீதனத் தவணை.

ஆண்டு தொடங்கும் நாளும் ஊருக்கு ஊர் மாறும். ஃபுளோரன்ஸில் மார்ச் 25, வெனிஸில் மார்ச் 1. ஃபுளோரன்ஸ்காரர் எழுதிய பிப்ரவரி மாதத் தேதி என்றால் நம் கணக்கில் ஓர் ஆண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எட்டாம் படி: வம்சாவளியை நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் படியுங்கள்

இதுவரை சேர்த்ததெல்லாம் இதற்காகத்தான். 1378இல் கலேயாட்ஸோ இறந்தார். அவருடைய மகன் ஜான் கலேயாட்ஸோ மேற்குப் பாதியின் ஆட்சிக்கு வந்தார். அவருடைய முதல் மனைவி பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானின் மகள் இசபெல். இங்கிலாந்திடம் பிடிபட்ட அந்த அரசருக்கு மீட்புப் பணம் தேவைப்பட்டபோது 1360இல் விஸ்கோந்திகள் பெருந்தொகை கொடுத்துப் பெற்ற சம்பந்தம் அது. இசபெல் 1372இல் இறந்துவிட்டாள். 1380இல் பெர்னபோ தன் மகள் கதெரினாவை இவருக்கே கொடுத்தார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், நம் வழக்கில் அண்ணன் தங்கை முறை. போப்பின் விதிவிலக்கோடு நடந்தது. 1381இல் ஜான் கலேயாட்ஸோவின் தங்கை வியொலாந்தே, இருமுறை விதவையானவள், பெர்னபோவின் மகன் லுதோவிகோவுக்கு மனைவியானாள். பிரிந்துகிடந்த இரண்டு பாதிகளையும் தன் பக்கம் இழுத்துக் கட்டுவதாக பெர்னபோ நினைத்திருக்க வேண்டும்.

1385 மே 6. வரேசே மலைமேல் உள்ள மாதா கோவிலுக்கு யாத்திரை போவதாகவும், போகும் வழியில் மாமனாரைப் பார்க்க விரும்புவதாகவும் ஜான் கலேயாட்ஸோ சொல்லி அனுப்பினார். பெர்னபோ பெரிய காவல் இல்லாமல் நகர எல்லைக்கு வெளியே வந்தார். மருமகனின் படைத்தலைவர் யாகோப்போ தால் வெர்மே அவரை அங்கேயே பிடித்தார். அவருடைய மகன்கள் லுதோவிகோவும் ரொதோல்போவும் கூடப் பிடிபட்டார்கள். சித்தப்பாவாகவும் மாமனாராகவும் இருந்தவர் அந்த டிசம்பரில் திரெட்ஸோ கோட்டைச் சிறையில் இறந்தார். நஞ்சு வைத்ததாகச் சமகாலத்தவர்கள் பேசினார்கள்.

சாதாரண வம்சாவளியில் கதை இங்கே முடிந்துவிடும். மகள்களின் கோடுகளை வரைந்திருக்கும் உங்களுக்கு இனிதான் தொடக்கம். பெர்னபோ பிடிபட்டுப் பத்து வாரங்களில், 1385 ஜூலை 17 அன்று, தத்தேயாவின் மகள் இசபோ பிரான்ஸ் அரசர் ஆறாம் சார்லஸை ஆமியேன் நகரில் மணந்து அரசியானாள். தாத்தாவைச் சிறையிட்டவரின் மகள் வலென்தினா 1389இல் அதே அரசவைக்கு அரசரின் தம்பி மனைவியாக வந்து சேர்ந்தாள். அந்த இருவரும் ஒரே கூரையின்கீழ் எப்படி இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1396இல் வலென்தினா பாரிஸ் அரசவையை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டில் பிரான்ஸ் அவளுடைய தந்தையின் பெரும் எதிரியான ஃபுளோரன்ஸோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

1390இல் ஜான் கலேயாட்ஸோவுக்கு எதிராக ஃபுளோரன்ஸ் அழைத்துவந்த பவேரியாவின் ஸ்டீபன் யார்? தத்தேயாவின் கணவர். 1391இல் பிரான்சிலிருந்து படையோடு வந்து அலெஸ்ஸாந்திரியாவில் தோற்று இறந்த அர்மஞாக் பிரபு மூன்றாம் ஜான் யார்? பெர்னபோவின் மகன் கார்லோவுக்கு மனைவியாகப் போன பியாத்ரிஸின் சகோதரர். செத்தவருக்காகச் சம்பந்திகள் வந்துகொண்டே இருந்தார்கள்.

1412இல் ஜான் கலேயாட்ஸோவின் மகன் ஜொவான்னி மரியா கொலையுண்டபோது மிலானில் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் பெர்னபோவின் மகன் எஸ்தோரேயும் கார்லோவின் மகன் ஒருவனும்தான். ஒரு மாத அளவில் அது முடிந்தது. கொலையுண்டவன் கதெரினாவின் மகன், அதாவது பெர்னபோவின் பேரன் என்பதை மறவாதீர்கள்.

ஒன்பதாம் படி: சான்றுகளை எடை போடுங்கள்

நோட்டரி எழுதிய சீதனப் பத்திரமும் விதிவிலக்கு ஆணையும் முதலிடம் பெறும். நாளாகமம் எழுதியவர்களை, அவர்கள் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துப் படியுங்கள். ஃபுளோரன்ஸ்காரர் விஸ்கோந்திகளைப் பற்றி நல்லதாக எழுதியிருந்தால் வியப்படையலாம். சின்னங்கள் கைகொடுக்கும்: மனிதனை விழுங்கும் பாம்பு விஸ்கோந்தி, ஏணி தெல்லா ஸ்காலா. கணவன் மனைவி சின்னங்கள் சேர்ந்திருக்கும் பொருள் கிடைத்தால் திருமணத்துக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். போனினோ தா கம்பியோனே செதுக்கிய பெர்னபோவின் குதிரைமேல் அமர்ந்த சிலையும் ரெஜினாவின் கல்லறைப் பேழையும் இன்று மிலானின் ஸ்போர்ட்ஸா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பத்தாம் படி: எவ்வளவு தூரம் இறங்குவது?

ஓர் உரிமைகோரல் தீரும்வரை இறங்குங்கள். ஓர்லியான் வலென்தினா சீதனமாக அஸ்தி நகரத்தைக் கொண்டுபோனாள். அவளுடைய பேரன் பன்னிரண்டாம் லூயி பிரான்சின் அரசரானதும், பாட்டி வழி உரிமை என்று சொல்லி 1499இல் மிலானையே பிடித்தார். சீதன நிலம் ஆபத்தானது என்று முன்பு சொன்னது இதைத்தான்.

கடைசியாக, கணக்கு சரியாக வருகிறதா என்று நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு பயிற்சி. 1494இல் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் வீட்டின் மாக்ஸிமிலியன், விஸ்கோந்திகளுக்குப் பின் மிலானை ஆண்ட ஸ்போர்ட்ஸா வீட்டின் பியாங்கா மரியா ஸ்போர்ட்ஸாவை மணந்தார். வெர்தேயின் மகன் எர்ன்ஸ்ட், அவர் மகன் பேரரசர் மூன்றாம் பிரெடரிக், அவர் மகன் மாக்ஸிமிலியன். கதெரினாவின் மகன் பிலிப்போ மரியா, அவர் மகள் பியாங்கா மரியா விஸ்கோந்தி, அவள் மகன் கலேயாட்ஸோ மரியா ஸ்போர்ட்ஸா, அவர் மகள்தான் மணமகள். இரண்டு கோடுகளும் பெர்னபோவில் சேர்கின்றன. இந்த ஒரு வழியை மட்டும் வைத்து எண்ணுங்கள்: ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து. நீளமான பக்கம் ஐந்து என்பதால் 1215இன் தடைக்கு அது வெளியே நிற்கிறது. உங்களுக்கும் அதே எண் வந்தால், அடுத்து ரெஜினாவின் தந்தை இரண்டாம் மஸ்தீனோவின் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய இன்னொரு மகள் வெர்தே, ஃபெர்ராராவின் எஸ்தே வீட்டுக்குப் போனவள். அங்கிருந்து தொடங்குங்கள்.